கூடம் கட்டலாம், சாவி யார் கையில்?

எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தில் ஏழு வருஷம் செயலாளராக இருந்தேன். பெரிய பதவி ஒன்றுமில்லை, பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவன் என்று அர்த்தம். அந்தத் தகுதியை நம்பி பக்கத்து ஊர்ப் பசங்க அடிக்கடி போன் பண்ணுவார்கள். "அண்ணே, மன்றத்தைச் சங்கமா போடலாமா, டிரஸ்டா போடலாமா?" "ஊருக்குச் சமுதாயக் கூடம் ஒண்ணு கட்டணும், எம்.எல்.ஏ.வைப் பார்க்கலாமா, நாமளே வசூல் பண்ணலாமா?" நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: கட்டி முடித்த பிறகு சாவி யாரிடம் இருக்கணும்? முதலில் அதை முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் பாதி முடிந்த மாதிரி.

பதிவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். ஏழு பேர் இருந்தால் போதும், பைலா, அதாவது சங்கத்தின் விதிகளை எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்கலாம். டிரஸ்ட் என்றால் பத்திரம் எழுதி சார்பதிவாளரிடம் பதிவு செய்வது. இரண்டு பேர் அறங்காவலராக இருந்தாலே ஆரம்பிக்கலாம். வேலை சுலபம் என்று பார்த்தால் டிரஸ்ட்தான். சங்கத்தில் வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டணும், கணக்கைத் தணிக்கை செய்து தாக்கல் பண்ணணும், நிர்வாகிகள் மாறினால் அதையும் எழுதிக் கொடுக்கணும். நாங்கள் மூன்று வருஷம் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு கம்பெனி லைப்ரரிக்கு புத்தகம் தருவதாகச் சொல்லி, பதிவு நடப்பில் இருப்பதற்குச் சான்று கேட்டபோதுதான் விழித்தோம். தாமதக் கட்டணம், ஆடிட்டர் செலவு, பழைய ரசீதைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தது என்று அந்த மாதம் முழுக்க அதுவே வேலை. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, தப்பு எங்களுடையது.

அப்படியிருந்தும் மன்றத்துக்குச் சங்கம்தான் சரி என்பேன். டிரஸ்ட் பத்திரத்தில் பெயர் எழுதிய நாலு பேர், பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், ஆயுசுக்கும் இருக்கலாம். ஊர் கூடி ஓட்டுப் போட்டு அவர்களை மாற்ற வழியில்லை. ஆரம்பத்தில் எல்லோரும் நண்பர்கள், பத்து வருஷம் கழித்து அந்த நாலு பேரில் ஒருத்தர் கட்சிக்குப் போய்விடுவார், ஒருத்தர் துபாய்க்குப் போய்விடுவார், மிச்சம் இருக்கிற இரண்டு பேர் மச்சான் மாப்பிள்ளையாக இருப்பார்கள். ஊர்ப்பணம் குடும்பச் சொத்தாகிற கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. சங்கத்திலும் சண்டை வரும், தேர்தல் நேரத்தில் நாற்காலி பறக்கும், ஆனால் ஆளை மாற்ற ஒரு வழியாவது இருக்கிறது.

நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தருகிற 80ஜி டிரஸ்டுக்குத்தான் கிடைக்கும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது தப்பு, அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு தருகிற 12ஏ, 80ஜி இரண்டும் சங்கத்துக்கும் உண்டு. கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடுகிற சி.எஸ்.ஆர். பணத்துக்கும் இரண்டு பேருக்கும் ஒரே வரிசைதான்: 2021 ஏப்ரலிலிருந்து சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு வேண்டும், மூன்று வருஷமாவது வேலை செய்த வரலாறு வேண்டும். லாபத்தில் 2 சதவீதம் செலவு செய்ய வேண்டிய கட்டாயம் பெரிய கம்பெனிகளுக்குத்தான் என்பதால், அருகில் தொழிற்சாலை இல்லாத ஊர்கள் இந்தக் கனவை ரொம்ப வளர்த்துக்கொள்ள வேண்டாம்.

சரி, சங்கமும் வேண்டாம், டிரஸ்டும் வேண்டாம், மூன்றாவது வழி ஒன்று நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழு. ஆண்கள் நடத்துகிற மன்றங்களில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் ஆரம்பித்தது. 1989இல் சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் குழுக்கள் தொடங்கி, 1997-98இல் மகளிர் திட்டம் என்று மாநிலத் திட்டமானது. இத்தனை வருஷத்தில் அங்கே சேர்ந்திருப்பது பணம் மட்டும் இல்லை, பழக்கம். வாராவாரம் கூட்டம், தவறாத சேமிப்பு, குழுவுக்குள்ளேயே கொடுக்கிற உள்கடன், அதை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவது, அன்றன்றைக்கு எழுதிய கணக்கு. பஞ்சசூத்திரம் என்பார்கள். குழுவை நடத்துகிற ஊக்குநருக்கும் பிரதிநிதிகளுக்கும் தனியாகப் பயிற்சி உண்டு. ஆறு மாதம் ஆனதும் தரமதிப்பீடு, தேறினால் வங்கிக் கடன், 20 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. தையலோ காளான் வளர்ப்போ கற்றுக்கொள்ளணும் என்றால், மாவட்டத்தின் முன்னோடி வங்கி நடத்துகிற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் இலவசமாகக் கற்றுக்கொள்ளலாம்.

மன்றத்துக்கு என்ன பயிற்சி கிடைத்தது? மத்திய அரசின் நேரு யுவ கேந்திரா 1972இலிருந்து இளைஞர் மன்றங்களைப் பதிவு செய்து வந்தது. எங்களுக்கு ஒரு வாலிபால், ஒரு நெட், இரண்டு நாள் தலைமைப் பண்பு முகாம், அதில் நல்ல சாப்பாடு. 2023 அக்டோபர் 31 முதல் மை பாரத் என்ற அமைப்பு வந்திருக்கிறது, இப்போது செல்போனிலேயே பதிவு. குறை சொல்லவில்லை, அந்த முகாமில்தான் எனக்கு மைக் பிடிக்கப் பயம் போனது. ஆனால் ரசீது எப்படிப் போடுவது, தீர்மானம் எப்படி எழுதுவது என்று எங்களுக்கு யாருமே சொல்லித் தரவில்லை.

வித்தியாசம் தெரிய வேண்டுமானால் இரண்டு தீர்மான நோட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்களுடையது அட்டை கிழிந்த நோட்டு, "கூட்டம் சிறப்பாக நடைபெற்றது" என்று ஒரு வரி, கீழே எட்டுக் கையெழுத்து, அதில் மூன்று ஒரே ஆளுடையது. எதிர்த்தெரு குழு அக்காவின் நோட்டில் தேதி, நேரம், வந்தவர் எத்தனை, வராதவர் ஏன் வரவில்லை, யாருக்கு எவ்வளவு உள்கடன், யார் ஆட்சேபித்தார் என்பது வரைக்கும் இருக்கும். அக்கா எட்டாவது வரைதான் படித்தவர், நான் எம்.காம்.

இப்போது கூடத்துக்கு வருவோம். பணத்துக்கு மூன்று வாசல்.

எம்.பி. நிதி 1993 டிசம்பரில் வந்தது, வருஷத்துக்கு 5 கோடி. எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி 3 கோடி. இரண்டிலும் உறுப்பினர் கையில் பணம் கிடையாது, அவர் பரிந்துரைப்பார், கலெக்டர் அனுமதிப்பார், ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போடுவார், டெண்டர் விடுவார்கள். ஊருக்குக் காசு செலவில்லை. அதுதான் இதன் நல்லதும் கெட்டதும். எம்.பி. தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதி அடங்கும் என்பதால், சின்ன ஊர்க் கூடத்துக்கு எம்.எல்.ஏ. கதவைத் தட்டுவதுதான் நடைமுறைக்குச் சரி. ஆனால் கட்டடம் எங்கே வருகிறது, ஜன்னல் எந்தப் பக்கம், கழிவறை உண்டா இல்லையா என்று ஊரைக் கேட்க யாருக்கும் அவசியம் இருக்காது. கல்வெட்டில் இருக்கிற பெயர்களில் உங்கள் மன்றத்தின் பெயரைத் தேடாதீர்கள்.

இலவசமாக வந்த கட்டடம் என்ன ஆகும் என்பதற்கு ஊர் ஊராகச் சாட்சி நிற்கிறது. 2006 முதல் 2011 வரை அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகம் கட்டினார்கள். நல்ல யோசனை. எங்கள் பக்கத்து ஊராட்சியில் அதன் பூட்டு துருப்பிடித்து, உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டையும் பழைய டியூப்லைட்டும் கிடந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வாசல் நமக்கு நாமே திட்டம். 1997இல் வந்து, நின்று, மறுபடி வந்து, 2011இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021இல் பழைய பெயரோடு திரும்பியது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போடணும், மிச்சம் அரசு. 15 லட்சத்தில் கூடம் என்றால் 5 லட்சம் ஊர்ப்பணம். பாதிக்கு மேல் போட்டால் வேலையை நீங்களே எடுத்துச் செய்யவும் வாய்ப்பு உண்டு, மற்றபடி டெண்டர்தான். 5 லட்சம் வசூல் செய்வது சின்ன வேலை இல்லை. இரண்டு திருவிழாவை அடக்கி வாசிக்கணும், வெளிநாட்டில் இருக்கிறவர்களை நச்சரிக்கணும். ஏழைத் தெருவுக்கு இது நியாயமான வழியே இல்லை, காசில்லாதவனிடம் முதலில் நீ காசு போடு என்று சொல்வதுதானே அது. அங்கே எம்.எல்.ஏ. நிதிக்கே அலையணும், வெட்கப்படவும் வேண்டாம்.

ஆனால் நூறு ரூபாயாவது கொடுத்தவன் கூடத்தின் சுவரில் சைக்கிளைச் சாய்க்க யோசிப்பான். சிமெண்டு மூட்டையை எண்ணுவான். சட்டப்படி சொத்து ஊராட்சிக்குத்தான் போகும், மூன்று வாசலுக்கும் அது பொது. வித்தியாசம், கேள்வி கேட்க எத்தனை பேருக்குத் தொண்டை இருக்கிறது என்பதில்.

முழுக்கச் சொந்த வசூலில் கட்டிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஆதரிப்பதில்லை. சொந்தப் பணத்தில் கட்டியது கொஞ்ச நாளில் ஒரு சாதியின் மண்டபமாகிவிடும், கீழத்தெருவில் காதுகுத்து என்றால் அன்றைக்குப் பார்த்து "பெயிண்ட் வேலை" இருக்கும். அரசுப் பணம் கலந்திருந்தால் யாருக்கும் இல்லை என்று சொல்ல முடியாது. சொன்னாலும் மனு போட ஒரு இடம் இருக்கிறது.

அங்கீகாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. நல்ல மகளிர் குழுக்களுக்கும் கூட்டமைப்புகளுக்கும் மணிமேகலை விருது உண்டு. மன்றத்துக்கு எப்போதாவது கேடயம் கிடைக்கும். இரண்டையும்விட கிராம சபைத் தீர்மானத்தில் உங்கள் பெயர் வருவதுதான் பயன்படும். வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூடத்தின் பராமரிப்பு யாரிடம், வாடகை எவ்வளவு, சாவி எங்கே என்று கட்டும் முன்பே அங்கே தீர்மானம் போட்டு நகல் வாங்கி வையுங்கள். வாய்வார்த்தையை நம்பிய ஊர்களுக்கு 2025 ஜனவரியில் தெரிந்திருக்கும், 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். வாக்குக் கொடுத்தவர் பதவியிலேயே இல்லை.

நாங்கள் நமக்கு நாமேயில் போனோம். பராமரிப்பை மன்றத்துக்குத் தரணும் என்று நான் பேசினேன், ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்புக்குத் தரணும் என்று அக்கா பேசினார். யாரோ "ரெண்டு பேரும் நோட்டைக் காட்டுங்க" என்றார்கள். அதோடு முடிந்தது. இப்போது சாவி அக்கா வீட்டு நிலைப்படி ஆணியில் தொங்குகிறது. கேரம் ஆடப் போனாலும் பெயர், நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கணும். போன வாரம் நான் திருப்பிக் கொடுத்த நேரத்தை எழுத மறந்துவிட்டேன். ராத்திரி ஒன்பதரைக்குப் பேரனை அனுப்பி வரச்சொல்லி எழுத வைத்தார்.