மலேரியாவும் கொழுப்புப் பரிசோதனையும்: காய்ச்சலின்போதா, குணமான பிறகா?

மலேரியாக் காய்ச்சலின்போது ஒன்று, குணமான பிறகு ஒன்று என ஒரே ஆளுக்கு எடுத்த இரண்டு கொழுப்பு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு ஆளுடையது போலிருக்கும். காய்ச்சலில் எடுத்ததில் மொத்தக் கொலஸ்ட்ராலும் ‘கெட்ட’ கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லும் இறங்கியிருக்கும், ‘நல்ல’ கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் நன்றாகவே சரிந்திருக்கும். ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு மட்டும் பெரும்பாலும் ஏறியிருக்கும். மலேரியாக் கிருமிக்குச் சொந்தமாகக் கொலஸ்ட்ரால் தயாரிக்கத் தெரியாது. தன் சவ்வைக் கட்ட நம்முடையதைத்தான் எடுத்துக்கொள்கிறது. அப்புறம், உடலின் அழற்சியும் (கிருமிக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினை) கொழுப்புக் கணக்கைக் குலைக்கிறது. இது மற்ற காய்ச்சல்களிலும் நடப்பதுதான், ஆகவே இதை வைத்து மலேரியா என்று சொல்லிவிட முடியாது.

சில வாரங்கள் கழித்து எடுப்பதில் அளவுகள் பொதுவாகப் பழைய நிலைக்கு வந்திருக்கும். இதய ஆபத்தைக் கணக்கிட இதுதான் சரி. காய்ச்சலில் எல்டிஎல் 70 என்று குறைவாக வந்ததே என, கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.