ஆறு கம்பி கிதாரா, ஏழு கம்பி கிதாரா?

ஏழு கம்பி எலெக்ட்ரிக் கிதார் வாங்கத் துடிப்பவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "இன்னும் கீழே போகணும்." அதாவது இன்னும் தாழ்ந்த சுரங்கள் வேண்டும். இது மட்டும்தான் காரணம் என்றால் காசை வீணாக்க வேண்டாம். கீழே போவதற்கு ஆறு கம்பியே போதும்.

பிளாக் சப்பாத் மெட்டல் பேண்டின் கிதாரிஸ்ட் டோனி அயோமி இடதுகைக்காரர். பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தபோது, ஃப்ரெட் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டை) பிடிக்கிற வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அழுத்தும்போது கம்பி கொஞ்சம் இளகிக் கொடுக்கட்டும் என்று சுருதியைத் தளர்த்தி, 1971 வாக்கில் ஒன்றரை ஸ்டெப் (மூன்று ஃப்ரெட் அளவு) கீழே இறங்கிவிட்டார். கையில் இருந்தது ஆறு கம்பி கிதார்தான்.

சரி, அப்படியானால் ஏழாவது கம்பி எதற்கு? கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். வழக்கமான சுருதியில் ஆறு கம்பியின் தடித்த கம்பி ஈ (E) சுரம், சுமார் 82 ஹெர்ட்ஸ். ஏழு கம்பியில் அதற்கும் கீழே ஒரு பி (B), சுமார் 62 ஹெர்ட்ஸ். இடையில் ஐந்து அரை ஸ்டெப். சாதாரண 10–46 செட்டில் (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) உள்ள 46 கம்பியை ஈயிலிருந்து பி சுரத்துக்கு இறக்கினால் அதன் இழுவிசை 56 சதவீதமாகக் குறைந்துவிடும். கம்பி தொளதொளவென்று ஆடும், ஃப்ரெட்டில் மோதிச் சலசலக்கும். பிக் (மீட்டும் சில்லு) பட்டதும் சுருதி ஒரு கணம் மேலே ஏறி இறங்கும். பழைய இறுக்கம் வேண்டுமானால் 62 அளவுக் கம்பி போட வேண்டும். அது நட்டின் (கழுத்தின் தலைப்பில் கம்பிகள் உட்காரும் துண்டு) பள்ளத்தில் உட்காராது, ராவ வேண்டும். கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடையும், எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி ஒத்திருக்கச் செய்யும் இன்டொனேஷனையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். எல்லாம் செய்யலாம், நன்றாகவே ஒலிக்கும். ஆனால் அதற்கப்புறம் அது பி கிதார். அடுத்த பாட்டு வழக்கமான சுருதியில் இருந்தால் இன்னொரு கிதாரைத் தூக்க வேண்டியதுதான். ஃபிளாய்ட் ரோஸ் மாதிரி ஸ்பிரிங்கில் மிதக்கும் பிரிட்ஜ் என்றால், ஒரு கம்பியை மாற்றினால் மற்றவையும் நகரும் என்பதால், மேடையில் சுருதி மாற்றுவதை நினைத்தே பார்க்காதீர்கள்.

ஏழாவது கம்பியின் உண்மையான லாபம் இங்கேதான். கீழே பி கிடைக்கிறது, மேலே உள்ள ஈ முதல் ஈ வரை ஒன்றும் தொலைவதில்லை. கற்ற கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), ஸ்கேல்கள் (சுர வரிசைகள்) எல்லாம் அப்படியே இருக்கும். பியிலிருந்து ஈக்கும் அதே நான்காம் இடைவெளிதான் என்பதால், ஈ, ஏ (A) கம்பிகளில் பிடிக்கிற பவர் கார்டு அங்கேயும் அப்படியே பொருந்தும்.

கிதாரிஸ்ட் ஸ்டீவ் வாய்க்காக ஐபனெஸ் நிறுவனம் 1990இல் கொண்டுவந்த யூனிவர்ஸ் கிதாரில் அவர் தேடியது இந்த விரிவைத்தான். 1994இல் முதல் ஆல்பத்தோடு வந்த கார்ன் மெட்டல் பேண்டு அதே கிதாரை எடுத்து, இன்னும் ஒரு முழு ஸ்டெப் இறக்கி, ஏ சுரத்தில் கனத்த ரிஃப்களை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்குகளை) வாசித்தது. இன்றைக்கும் பலர் மனதில் ஏழு கம்பி என்றால் இந்த இரண்டாவது பிம்பம்தான். ஆனால் மெட்டல் பிறப்பதற்கு வெகு முன்னாலேயே, 1930களின் பிற்பகுதியில், ஜாஸ் கலைஞர் ஜார்ஜ் வான் எப்ஸ் கீழே ஒரு ஏ கம்பி சேர்த்து, கார்டோடு பேஸ் வரியையும் தானே வாசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டால் ஏழாவது கம்பிக்கு அதுதான் மிக அழகான வேலை.

கைக்கு எப்படி? ஆறு கம்பியில் நட் அகலம் 42, 43 மில்லிமீட்டர். ஏழில் சுமார் 48. கை சின்னது என்று பயப்படுகிறவர்கள் நிறைய பேர், ஆனால் சிக்கல் விரல் நீளத்தில் இல்லை, கட்டைவிரலில் இருக்கிறது. ஹென்ட்ரிக்ஸ் பாணியில் கட்டைவிரலை நெக்குக்கு மேலாக வளைத்து பேஸ் சுரத்தை அழுத்துகிறவர்களுக்கு அகல நெக் எரிச்சல்தான். கட்டைவிரலை நெக்கின் பின்னால் வைத்து வாசிப்பவர்கள் சீக்கிரம் பழகிவிடுவார்கள். அதைவிடத் தொல்லை, சும்மா இருக்கும் தடித்த பி கம்பி தானாக அதிர்ந்து முனகுவது. டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) போட்டால் அது பூதாகரமாகக் கேட்கும். பிக் பிடிக்கும் கையின் ஓரத்தால் அதை எப்போதும் மூடியே வைத்திருக்கப் பழக வேண்டும். ஆரம்பத்தில் ஈ என்று நினைத்து பியைத் தட்டுவது எல்லோருக்கும் நடப்பதுதான்.

பேண்டில் இருந்தால் பேஸ் வாசிப்பவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த பி, பேஸ் கிதார் உலவும் இடத்துக்குள்ளேயே இறங்குகிறது. கெயினை (டிஸ்டார்ஷன் அளவை) குறைத்து, ஆம்பில் அடித்தொனியை வெட்டாவிட்டால் இரண்டும் சேர்ந்து குழம்பாகிவிடும். அவரிடம் ஐந்து கம்பி பேஸ் இருந்தால் நல்லது. கம்பி செட்டும் மாற்று பிக்கப்பும் ஆறுக்குக் கிடைக்கிற அளவு ஏழுக்குக் கிடைக்காது.

முதல் கிதார் என்றால் ஆறுதான், யோசிக்கவே வேண்டாம். ப்ளூஸ், ஃபங்க், சினிமாப் பாட்டுக்கும் அதுவே. மெட்டல் பேண்டில் எல்லாப் பாட்டும், தடித்த கம்பியை சி அல்லது பி வரை இறக்கும் டிராப் சியிலோ டிராப் பியிலோ இருந்தாலும் தடித்த கம்பி போட்ட ஆறு போதும். ஒரே பாட்டில் அடியில் ரிஃப்பும் உச்சியில் சோலோவும் வேண்டும், அல்லது ஒரே கச்சேரியில் இரண்டு சுருதியிலும் பாட்டு இருக்கிறது, அல்லது தனியாளாக கார்டும் பேஸும் வாசிக்க ஆசை என்றால் மட்டும் ஏழு.

ஏழு என்று முடிவானால் ஸ்கேல் நீளத்தை (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம்) பாருங்கள். 25.5 அங்குலத்துக்குப் பதில் 27 என்றால் அதே கம்பி அதே சுருதியில் 12 சதவீதம் கூடுதலாக இறுகும். பி தெளிவாகும், ஆனால் மெல்லிய ஈயில் பெண்ட் செய்ய, அதாவது கம்பியைத் தள்ளிச் சுருதி ஏற்ற, கூடுதலாக உழைக்க வேண்டும். 26.5 நல்ல சமரசம். கடையில் டிஸ்டார்ஷனை அணைத்துவிட்டு, பி கம்பியைத் திறந்தும் 12ஆம் ஃப்ரெட்டிலும் தட்டி டியூனரைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் செட்டப் செய்து தரச் சொல்லுங்கள், விலை பேசுவது அப்புறம்.