முயலுக்குக் காத்தவனும் படகில் கீறியவனும்

சீன மொழியின் நான்கெழுத்து மரபுத்தொடர்களில் இந்த இரண்டும் பங்காளிகள் மாதிரி.

‘ஷோ ஜூ தாய் தூ’: பழைய சீனத்துச் சோங் நாட்டு உழவனின் வயலில், ஓடிவந்த முயல் மரக்கட்டையில் மோதிக் கழுத்து முறிந்து செத்தது. அவ்வளவுதான், வேலையைப் போட்டுவிட்டு அடுத்த முயலுக்காகக் கட்டையருகே உட்கார்ந்துவிட்டான். கதை ‘ஹான் ஃபெய்ட்சு’ நூலில் வருகிறது.

‘க ஜோ ச்சியூ ஜியென்’: சூ நாட்டுக்காரன் ஆற்றில் வாளைத் தவறவிட்டான். விழுந்த இடம் இதுதான் என்று படகில் கீறி வைத்தான். படகு நின்றதும் கீறலுக்கு நேரே இறங்கித் தேடினான்! இது கி.மு. 239 வாக்கில் தொகுத்த ‘லூஷி சுன்ச்சியூ’வில் உள்ளது.

பழைய மன்னர்களின் முறையையே பிடித்துத் தொங்குவோரைக் குத்தத்தான் இரண்டும் எழுதப்பட்டன. முயல் தொடர் இன்று பெரும்பாலும் உழைக்காமல் அதிர்ஷ்டத்துக்குக் காத்திருப்பவனைச் சுட்டுகிறது. வாள் தொடர் பழைய பொருளை விடவில்லை. என் ஓட்டு வாள்காரனுக்கு. அவன் தண்ணீரில் இறங்கவாவது செய்தான்.