நல்லும் 'இல்லை'யும் ஒன்றல்ல: வெற்று ட்ரூ/ஃபால்ஸ் ஃபீல்டைத் தேடும் வழிகள்

பத்து வரிசை உள்ள ஒரு டேபிள். வாடிக்கையாளர் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 'மடல்_வேண்டும்' என்று ஒரு ட்ரூ/ஃபால்ஸ் ஃபீல்டு. 4 பேருக்கு ட்ரூ, 3 பேருக்கு ஃபால்ஸ், மீதி 3 பேருக்கு யாரும் எதுவும் நிரப்பவில்லை, அதாவது நல் (null).

'மடல்_வேண்டும் = ட்ரூ' என்று தேடினால் 4 வரும். '= ஃபால்ஸ்' என்று தேடினால் 3. கூட்டிப் பார்த்தால் 7தான். சரி, ட்ரூ அல்லாத எல்லாம் வரட்டும் என்று '<> ட்ரூ' போட்டால் அப்போதும் 3. 'நாட் மடல்_வேண்டும்' போட்டாலும் அதே 3. எர்ரர் எதுவும் வராது. க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) சமர்த்தாக ஓடி முடிந்துவிடும், மூன்று பேர் மட்டும் காணாமல் போயிருப்பார்கள்.

க்வெரி எழுதும் மொழியான எஸ்கியூஎல்லில் ஒரு நிபந்தனைக்கு மூன்று விடைகள் உண்டு: ட்ரூ, ஃபால்ஸ், தெரியாது. நல்லை எதோடு ஒப்பிட்டாலும் 'தெரியாது'தான். 'தெரியாது' என்பதை நாட் போட்டுத் திருப்பினாலும் 'தெரியாது'தான். நிபந்தனையை எழுதும் 'வேர்' (where) பகுதியோ ட்ரூ என்று உறுதியான வரிசைகளை மட்டுமே உள்ளே விடும். இதில் ஒரு வேடிக்கை: டேபிளில் என்ன மதிப்பு நுழையலாம் என்று பார்க்கும் செக் கட்டுப்பாடு இதற்கு நேர்மாறு. அது ஃபால்ஸ் என்று உறுதியானதை மட்டும்தான் தடுக்கும். ஆகவே 'செக் (மடல்_வேண்டும் = ட்ரூ)' என்று காவல் போட்டாலும் நல் தாராளமாக உள்ளே வரும்.

நான் ஒருமுறை நினைவூட்டல் அனுப்பும் க்வெரியில் '<> ட்ரூ' என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அது பார்த்த ஃபீல்டு, டேபிள் உருவான பிற்பாடு டீஃபால்ட் (எதுவும் நிரப்பாவிட்டால் தானாக விழும் மதிப்பு) இல்லாமல் சேர்க்கப்பட்டது; பழைய வரிசைகள் அத்தனையிலும் நல். பழைய பயனர் ஒருவருக்குக்கூட நினைவூட்டல் போகவில்லை. வராத மின்னஞ்சலைப் பற்றி யார் புகார் சொல்வார்கள்? அதனால் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. அதன் பிறகுதான் இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன்.

'= ஃபால்ஸ் ஆர் இஸ் நல்'

பெரும்பாலான டேட்டாபேஸில் இப்படியே ஓடும், படிப்பவருக்கும் உடனே புரியும். குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை: அடைப்புக்குறி. 'ஊர் = 5 அண்ட் மடல்_வேண்டும் = ஃபால்ஸ் ஆர் மடல்_வேண்டும் இஸ் நல்' என்று எழுதினால், அண்ட் முதலில் சேர்ந்துகொள்ளும். விளைவு, எந்த ஊராக இருந்தாலும் நல் உள்ள வரிசைகள் அத்தனையும் வந்து விழும். காணாமல் போன மூன்று பேரைத் தேடப் போய் ஊரையே கூட்டி வந்த கதை. ஆர் பகுதியை அடைப்புக்குறிக்குள் போடும் பழக்கம் கைவந்தவர்களுக்கு இது போதும்.

கோயலெஸ்

'கோயலெஸ்(மடல்_வேண்டும், ஃபால்ஸ்) = ஃபால்ஸ்'. வெற்றாக இருந்தால் ஃபால்ஸ் என்று வைத்துக்கொள், அப்புறம் ஒப்பிடு. 6 வரிசையும் வரும். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் 1, 0 என்று வைக்கும் பிட் வகை என்பதால் ஃபால்ஸ் இருக்கும் இடத்தில் 0. 'வெற்று என்றால் இல்லை என்று பொருள்' என்ற முடிவு க்வெரியிலேயே வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

ஃபீல்டை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டால் அதன் மேல் உள்ள சாதாரண இன்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் பட்டியல்) பயன்படாது என்று எச்சரிப்பார்கள். உண்மைதான். ஆனால் இரண்டே மதிப்பு உள்ள ஃபீல்டில், பாதி வரிசைகள் இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் என்று இருந்தால், இன்டெக்ஸ் இருந்தும் டேட்டாபேஸ் அதைத் தொடாமல் முழு டேபிளையும் படித்துவிட்டுப் போகத்தான் வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் மிக அரிதாக இருந்தால் மட்டுமே இந்தக் கவலைக்கு அர்த்தம்.

'இஸ் நாட் ட்ரூ'

என் ஓட்டு இதற்குத்தான். 'மடல்_வேண்டும் இஸ் நாட் ட்ரூ' என்றால் ஃபால்ஸும் நல்லும் சேர்ந்து 6. இதன் விடை எப்போதும் ட்ரூ அல்லது ஃபால்ஸ், 'தெரியாது' என்பதே கிடையாது. அடைப்புக்குறித் தொல்லை இல்லை, நாட் போட்டுத் திருப்பினாலும் சரியாக 4 வரும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் ஆகிய இரண்டு டேட்டாபேஸிலும் உண்டு. எஸ்கியூலைட்டில் 2018இல் வந்த 3.23 பதிப்பிலிருந்து உண்டு. போஸ்ட்கிரெஸில் இதே நிபந்தனையை வைத்துப் பொருந்தும் வரிசைகளுக்கு மட்டுமான பகுதி இன்டெக்ஸ் ஒன்றும் போட்டுக்கொள்ளலாம்.

மைஎஸ்கியூஎல்லில் மட்டும் ஒரு நுணுக்கம். அங்கே பூலியன் என்ற ட்ரூ/ஃபால்ஸ் வகை, டைனிஇன்ட் என்ற சிறு முழு எண் வகைக்கு இன்னொரு பெயர், ட்ரூ என்பது வெறும் 1. யாராவது அந்த ஃபீல்டில் 2 என்று போட்டுவைத்திருந்தால் '= ட்ரூ' அதைப் பிடிக்காது, 'இஸ் ட்ரூ' பிடிக்கும்.

எஸ்கியூஎல் சர்வரில் இந்த வசதி இல்லை. 2022 பதிப்பில், நல்லையும் ஒரு மதிப்பாக வைத்து ஒப்பிடும் 'இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம்' வந்திருக்கிறது. 'மடல்_வேண்டும் இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம் 1' என்றால் அதே 6 கிடைக்கும். அதற்கு முந்தைய பதிப்பு என்றால் முதல் இரண்டு வழிகளில் ஒன்றுதான்.

'நாட் நல் டீஃபால்ட் ஃபால்ஸ்'

க்வெரியில் ஏன் மல்லுக்கட்ட வேண்டும், டேபிளிலேயே நல்லுக்கு இடம் கொடுக்காமல் விட்டால் என்ன? பல இடங்களில் இதுவே சரி. 'நீக்கப்பட்டது', 'பூட்டப்பட்டது' மாதிரி ஃபீல்டுகளில் வெற்றுக்கு ஒரு பொருளும் இல்லை. பெரிய டேபிளில் இப்படி ஒரு ஃபீல்டைச் சேர்த்தால் முன்பெல்லாம் போஸ்ட்கிரெஸ் மொத்த டேபிளையும் திருப்பி எழுதும். 11ஆம் பதிப்பிலிருந்து டீஃபால்ட் ஒரு நிலையான மதிப்பாக இருந்தால் அந்த வேலை இல்லை.

ஆனால் 'மடல்_வேண்டும்' அப்படிப்பட்டதா? 'வேண்டாம்' என்று சொன்னவரும், இன்னும் கேட்கவே படாதவரும் ஒன்றா? நல்லை எல்லாம் ஃபால்ஸாக மாற்றி ஒரு அப்டேட் ஓட்டிவிட்டால், யார் மறுத்தார்கள், யாரைக் கேட்கவில்லை என்பது அந்த டேபிளிலிருந்து நிரந்தரமாக அழிந்துவிடும். பேக்கப் இருந்தால்தான் மீட்சி. இந்த மாதிரி ஃபீல்டில் நான் நல்லை விட்டுவைப்பேன், அல்லது ட்ரூ/ஃபால்ஸையே கைவிட்டு 'கேட்கவில்லை', 'சம்மதம்', 'மறுப்பு' என்று ஒரு நிலை ஃபீல்டு வைப்பேன். புதிதாக ஒருவர் வந்து படித்தால் இரண்டாவதுதான் உடனே புரியும்.

நாட் நல் போட்டாயிற்று என்று அசந்தும் இருக்க முடியாது. இரண்டு டேபிளைச் சேர்த்து, இடப்பக்க வரிசைகள் அத்தனையையும் தரும் லெஃப்ட் ஜாயினில் வலப்பக்க டேபிளில் பொருந்தும் வரிசை இல்லையென்றால், அங்கே உள்ள நாட் நல் ஃபீல்டும் நல்லாகத்தான் வரும். அதனால் டேபிளில் கட்டுப்பாடு இருந்தாலும் ஜாயின் உள்ள க்வெரிகளில் 'இஸ் நாட் ட்ரூ'வை நான் விடுவதில்லை.

அப்ளிகேஷன் பக்கம் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரு வரி: ஜாவா நிரல் டேட்டாபேஸோடு பேச உதவும் ஜேடிபிசியில் 'கெட்பூலியன்' நல்லைப் பார்த்தாலும் ஃபால்ஸ் என்றே திருப்பித் தரும். உடனே 'வாஸ்நல்' கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

எந்த வழியில் போவதாக இருந்தாலும் முதலில் அந்த ஃபீல்டை க்ரூப் பை போட்டு (ஒரே மதிப்புள்ள வரிசைகளைக் குழுவாக்கி), 'கவுன்ட்(*)' வைத்து எண்ணிப் பாருங்கள். நல்லும் நல்லும் சமம் என்று ஒப்புக்கொள்ளாத எஸ்கியூஎல், க்ரூப் பையில் எல்லா நல்லையும் ஒரே குழுவில் உட்கார வைக்கும். அந்த நல் குழுவின் வரியில் 3 இருக்கிறதா, 3 லட்சம் இருக்கிறதா என்று தெரிந்த பிறகு டேபிளின் அமைப்பை மாற்றும் 'ஆல்டர் டேபிள்' கட்டளையில் கை வைக்கலாம்.