கோவா போக்கர் பேக்கேஜ் என்று யாராவது பணம் கேட்டால் கட்டாதீர்கள்: என் 85,000 போச்சு

கோவாவிலிருந்து நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தேன். ஆத்திரம் அடங்கவே இல்லை. 85,000 ரூபாய். ஆளின் பெயரையும் குழுவின் பெயரையும் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். டெலிகிராமில் ஆள் சேர்த்து, கோவா கேசினோ டோர்னமென்ட்டுக்கு சீட், ரூம் எல்லாம் சேர்த்து விற்கிற ஏஜென்ட் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

2025 ஆகஸ்டில் மத்திய அரசின் ஆன்லைன் கேமிங் சட்டம் வந்ததும் காசு வைத்து ஆடுகிற போக்கர் சீட்டாட்ட ஆப் எல்லாம் நின்றுபோயின. நேரில் மேஜையில் உட்கார்ந்து ஆடலாம் என்றால் அதற்கும் மாநிலத்துக்கு ஒரு நியாயம். குஜராத் உயர் நீதிமன்றம் 2017ல் போக்கரைச் சூதாட்டம் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2023ல் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்றது. எதற்கு வம்பு, லைசென்ஸ் உள்ள கேசினோவில் ஆடுவோம் என்று நினைப்பவர்கள் எல்லாரும் கோவாவுக்குத்தான் ஓடுகிறோம். இது அந்த ஏஜென்ட்டுகளுக்கு நன்றாகத் தெரியும்.

இவன் பேச்சில் ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது. மாண்டவி ஆற்றங்கரையில் நின்றுகொண்டு வீடியோ கால் போட்டான். பின்னால் கேசினோ கப்பல் விளக்கு, ஆளேற்றிப் போகிற சின்னப் படகு எல்லாம் தெரிந்தது. என் பெயர் அச்சடித்த ஒரு சீட்டைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினான். "அண்ணே, செப்டம்பர் 22லேருந்து ஜிஎஸ்டி 28லேருந்து 40 ஆயிருச்சு. இது நான் பழைய ரேட்டுல பிடிச்சு வச்ச சீட்டு, இன்னைக்கு விட்டா போயிரும்" என்றான். ஜெயித்தால் அந்தப் பணத்தில் 30 சதவீதம் வரியாக (டிடிஎஸ்) பிடிப்பார்கள், அதற்கு பான் நகல் வேண்டும் என்றான். வரி விவரம் அத்தனையும் சரி. மதுரைப் பேச்சு வேறு. "நம்ம ஊர்க்காரரை ஏமாத்திட்டு நான் எங்கண்ணே போவேன்?" இதைக் கேட்டுத்தான் 85,000 ரூபாயை அனுப்பினேன்.

கேசினோவில் பதிவு செய்கிற பெண் என் அடையாள அட்டையை வாங்கி இரண்டு தடவை தேடிப் பார்த்தார். என் பெயரே இல்லை. அந்தச் சீட்டு அவர்கள் அடிக்கிற சீட்டே இல்லையாம். ஹோட்டலிலும் ரூம் போடவில்லை.

போன் போட்டால் முதலில் "நெட்வொர்க் பிரச்சனைண்ணே, பத்து நிமிஷம்" என்றான். அப்புறம் மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறாராம். அப்புறம் ரீஃபண்ட் போட்டாச்சாம், ஏழு வேலை நாளாகுமாம். அதற்கும் மேலே, கேன்சல் செய்ததற்கு ஜிஎஸ்டி என்று இன்னொரு 12,000 கேட்டான்! தர முடியாது என்றதும் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டு நம்பரையும் பிளாக் செய்துவிட்டான்.

பேங்கில் "நீங்களே அனுப்பிய பணம்தானே சார்" என்று கையை விரித்துவிட்டார்கள். ஸ்டேஷனில் "சூதாடப் போன காசா?" என்று கேட்டார்கள். பற்றிக்கொண்டு வந்தது. அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்து வரி வாங்குகிற இடத்துக்குப் போவதற்குத்தான் பணம் கட்டினேன். இல்லாத சீட்டை விற்று 85,000 ரூபாய் பிடுங்குவது மோசடி. எங்கே போகக் கட்டிய பணமாக இருந்தால் என்ன?

ஏஜென்ட்டை எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். டோர்னமென்ட் பணத்தைக் கேசினோவின் கேஜ் என்கிற பணக் கவுண்டரில் நேரில் கட்டி ரசீது வாங்குங்கள். தனி ஆள் யுபிஐக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பான், ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் கொடுக்காதீர்கள், என்னுடையது இப்போது அவன் கையில் இருக்கிறது. பணம் போனால் ஸ்டேஷனுக்கு அலைவதற்கு முன்னால் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் அவன் கணக்கில் பணத்தை நிறுத்தி வைக்க வழியிருக்கிறது.

வேறு நம்பரில் அடுத்த டோர்னமென்ட்டுக்கு அதே வீடியோவைப் போட்டு ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று இன்று காலை ஒரு நண்பர் சொன்னார். ஆற்றங்கரை வீடியோ, பெயர் போட்ட சீட்டு, மதுரைப் பேச்சு. இந்த ஆளிடம் நீங்களும் கட்டியிருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், சேர்ந்து போய்ப் புகார் கொடுப்போம்.