30 சதுர மீட்டர் வீட்டுக்கு எந்தச் சுவர்? ஃபிளை ஆஷ் கல், ஏஏசி, மைவான்

சென்னை பெரும்பாக்கத்தில் 2022-ல் திறக்கப்பட்ட 1,152 வீடுகள், காங்கிரீட் பாகங்களைத் தனியே வார்த்து, கிரேனில் தூக்கிப் பொருத்திக் கட்டப்பட்டவை. வேகத்துக்கு அந்த முறைதான் சரி. ஆனால் ஒரே மாதிரி நூற்றுக்கணக்கான வீடுகள் இருந்தால்தான் கணக்கு கட்டுப்படியாகும்; மூட்டுகளில் இடைவெளியை நிரப்பும் சிமென்ட் குழம்பான கிரவுட் சரியாக இறங்காவிட்டால் மழையில் கசியும். ஐந்து மாடியில் நாற்பது, ஐம்பது வீடு கட்டுபவருக்கு உண்மையான போட்டி ஃபிளை ஆஷ் கல் (அனல்மின் நிலையச் சாம்பலில் செய்தது), ஏஏசி பிளாக் (நுண்துளைகள் நிறைந்த, எடை குறைந்த காங்கிரீட் கட்டி), மைவான் ஷட்டரிங் (அலுமினிய அச்சுக்குள் சுவரையும் தளத்தையும் காங்கிரீட்டில் வார்ப்பது) மூன்றுக்கும் இடையில்தான். செங்கல்லை இங்கே விட்டுவிடுகிறோம்: மேல்மண்ணைத் தின்கிறது, அளவும் கல்லுக்குக் கல் மாறுகிறது.

பொதுவாகச் சதுர அடி ரேட்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். முதன்முதலாக அடுக்குமாடிக்குக் குடிவரும் குடும்பம் கட்டப்போகும் கரண்ட் பில்லையும், சுவரில் அடிக்கப்போகும் ஆணியையும் அந்த ரேட் காட்டாது.

முதலில் வெயில். சுவர் எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்பதை யூ-மதிப்பு சொல்லும், குறைந்தால் நல்லது. 150 மி.மீ. காங்கிரீட் சுவருக்கு ஏறத்தாழ 3.7, பூசிய 9 அங்குல ஃபிளை ஆஷ் கல் சுவருக்கு 2, பூசிய 200 மி.மீ. ஏஏசிக்கு 0.8. வீடுகளுக்கான எகோ நிவாஸ் சம்ஹிதா 2018 விதி, கூரை நீங்கலாக வெளிச்சுவர், ஜன்னல் வழியே உள்ளே வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என வரம்பு வைத்திருக்கிறது. மேற்கு பார்த்த வெறும் காங்கிரீட் சுவரை வைத்துக்கொண்டு இந்த வரம்புக்குள் வருவது கடினம். மைவான்தான் என்று முடிவாகிவிட்டால் படிக்கட்டையும் கழிவறையையும் மேற்கே தள்ளுங்கள், ஜன்னலுக்கு ஆழமான சன்ஷேட் கொடுங்கள், வெளியே வெள்ளை அடியுங்கள்.

இடத்தில் மைவான் ஜெயிக்கிறது. 5-க்கு 6 மீட்டர் வீட்டின் சுற்றுச்சுவர் 22 மீட்டர். அதில் பாதி பக்கத்து வீட்டோடு பொதுவானது என்று வைத்தாலும், 230-க்குப் பதில் 150 மி.மீ. சுவர் போட்டால் சுமார் 14 சதுர அடி மிச்சம். ஒரு பீரோவும் மாவு கிரைண்டரும் நிற்கும் இடம் அது. சிறிய வீட்டில் இது அற்பமில்லை. ஆனால் அந்தச் சுவர்தான் கட்டடத்தையே தாங்குகிறது. அலமாரிக்காகக்கூட உடைக்க முடியாது. ஸ்விட்ச் பாக்ஸ், ஏசி குழாய் ஓட்டை எல்லாம் காங்கிரீட் போடும் முன்பே உள்ளே இருக்க வேண்டும். ஷட்டரைப் பிடித்திருந்த டை ஓட்டைகளைச் சரியாக அடைக்காவிட்டால் வெளிச்சுவரில் அங்கேதான் முதல் ஈரத் திட்டு வரும். அலுமினிய ஷட்டரின் விலை நூறு முறைக்குமேல் திரும்பப் பயன்படுத்தினால்தான் மீளும். ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றோடு வேலை முடிகிறவருக்கு இது நஷ்டம்.

ஏஏசியைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை கட்டிய விதத்தைப் பற்றியவை. செங்கல் பழக்கத்தில் பிளாக்கைத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். ஊறியது காயும்போது சுருங்கும், சுவரில் விரிசல் விடும். தரையிலிருந்து உயர்த்தி அடுக்கி, தார்ப்பாய் மூடி, கட்டும்போது மேற்பரப்பை மட்டும் நனைத்தால் போதும். மூட்டுக்கு 3 மி.மீ. பிளாக் பசை, பூச்சுக்கு 1:6 கலவை. 1:3 போட்டால் பலம் என்று கொத்தனார் சொல்வார். மென்மையான பிளாக்கின் மேல் அந்தக் கெட்டிப் பூச்சு மயிரிழை விரிசலாகப் பிளக்கும். தூணோடு சேரும் இடத்தில் இரு பக்கமும் 150 மி.மீ. படியும்படி சிக்கன் மெஷ் வேண்டும். பீமுக்கு அடியில் கொஞ்சம் இடைவெளி விட்டுச் சில நாள் கழித்து அடையுங்கள். உடனே இறுக்கினால் பீம் தொய்யும் பாரம் சுவரில் இறங்கும். கழிவறையில் முதல் 150 மி.மீ. உயரத்தைக் காங்கிரீட்டில் எழுப்ப வேண்டும்.

சாதா ஆணி ஏஏசியில் நிற்காது. கீசர், சமையலறை மேல் அலமாரி வரும் இடங்களில் மட்டும் ஃபிளை ஆஷ் கல் வரிசை வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

ஃபிளை ஆஷ் கல்லில் பார்க்க வேண்டியது ஒன்றே: சரியாக இறுகாத பச்சைக்கல் வந்து இறங்குகிறதா என்பது. உலர்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் ஊறவைத்து மறுபடி போடுங்கள். 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டினால் லோடைத் திருப்பி அனுப்பலாம்.

ஐந்து மாடிக்கு எங்கள் தேர்வு தூண்-பீம் சட்டகம், வெளிச்சுவர் 200 மி.மீ. ஏஏசி, உள்சுவரும் கழிவறையும் நாலரை அங்குல ஃபிளை ஆஷ் கல். உள்ளே ஆணி பிடிக்கும், வெளியே வெயில் நிற்கும். மேல்மாடிக்கு மட்டும் சுவர் போதாது. தளத்தில் சுருக்கி (செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை) போட்டு வெள்ளை ஓடு பதிக்க வேண்டும். பதினைந்து மாடி, ஒரே அச்சில் முந்நூறு வீடு என்றால் மைவானை எடுக்கலாம். அப்போது சாவியோடு சேர்த்து, சுவருக்குள் வயர் குழாய் ஓடும் பாதையின் படத்தையும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுங்கள். டிவி மாட்ட டிரில் எடுப்பவருக்கு அது முதல் வாரத்திலேயே தேவைப்படும்.