வைரஸ் காய்ச்சலும் ரத்தக்கட்டும்: ஆஸ்பிரினா, ஹெபாரினா, நடையா?

சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, வயது நாற்பதைத் தாண்டவில்லை. கொரோனா வந்து வீட்டிலேயே தேறிவருகிறார். அப்படிப்பட்டவரும் கேட்கிறார்: “ரத்தம் கட்டாம இருக்க ஒரு ஈகோஸ்பிரின் (ஆஸ்பிரின் மாத்திரை) போட்டுக்கட்டுமா?”

பயத்தில் நியாயம் இருக்கிறது. வைரஸ் ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. அதை எதிர்க்கும் நோயெதிர்ப்புச் செல்களே ரத்தம் உறைவதையும் தூண்டிவிடுகின்றன. சுவீடனில் 10 லட்சத்துக்கும் அதிகமான கொரோனா நோயாளிகளை ஆராய்ந்து 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. காலின் ஆழ்சிரையில் ரத்தம் கட்டும் ஆபத்து 3 மாதம் வரையும், நுரையீரல் குழாய் அடைக்கும் ஆபத்து 6 மாதம் வரையும் கூடியிருந்தது. லேசாக வந்து போனவர்களும் இதற்கு விலக்கல்ல. ஆனால் முதல் 30 நாளில் நுரையீரல் அடைப்பு வந்தவர்கள் மொத்தத்தில் 0.17 சதவீதம்தான். அதிலும் ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் சேர்த்தி. அதே ஆய்வில் ரத்தக்கசிவு ஆபத்தும் 2 மாதம் வரை கூடியிருந்தது. மாத்திரைக்குக் கை நீட்டும்போது பலரும் மறப்பது இதைத்தான்.

முதலில் ஆஸ்பிரின். விலை மலிவு, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும், அப்பாவின் மாத்திரை டப்பாவிலேயே இருக்கும். அது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது. அதனால் மாரடைப்பு போன்ற தமனி அடைப்புகளில் அதன் பலன் பெரிது. காய்ச்சலுக்குப் பின் வரும் கட்டுகளில் பெரும்பகுதி சிரையில் உருவாகிறவை. அங்கே ஆஸ்பிரினின் கை அவ்வளவு ஓங்குவதில்லை. பிரிட்டனின் ரெகவரி பரிசோதனையில் ஆஸ்பத்திரியில் இருந்த ஏறக்குறைய 15,000 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினமும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்கள். இரு தரப்பிலும் 17 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் 6 பேருக்கு ரத்தக்கட்டு தவிர்ந்தது, 6 பேருக்குப் பெரிய ரத்தக்கசிவு கூடியது. தீவிர நோயாளிகளிடமே கணக்கு இப்படி நேராகிவிட்டது.

நம் ஊரில் இன்னொரு சங்கடம் உண்டு. மழைக்காலக் காய்ச்சல் கொரோனாவா டெங்குவா என்று முதல் இரண்டு நாளில் யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. டெங்குவில் தட்டணுக்கள் சரியும் நேரத்தில் ஆஸ்பிரின் உள்ளே போனால் அது நேரடி ஆபத்து. எனவே பரிசோதனை முடிவு வராத காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். குழந்தைகளுக்கு எந்த வைரஸ் காய்ச்சலிலும் கொடுக்கக் கூடாது.

அடுத்தது அபிக்ஸபான், ரிவரோக்சபான் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகள். சிரைக் கட்டுக்கு இவைதான் சரியான ஆயுதம். கட்டு உறுதியானால் மாதக்கணக்கில் கொடுப்பதும் இவற்றைத்தான். ஆனால் வராத கட்டைத் தடுக்க? அமெரிக்காவில் ஆஸ்பத்திரி தேவைப்படாத, 40 முதல் 80 வயதுக்குட்பட்ட 657 கொரோனா நோயாளிகளை நான்கு குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள்: ஆஸ்பிரின், இரண்டு அளவுகளில் அபிக்ஸபான், வெற்று மாத்திரை. வெற்று மாத்திரையை விழுங்கியவர்களில் ஒருவருக்குக்கூட அஞ்சிய விளைவு வரவில்லை. தடுப்பதற்கே ஒன்றும் இல்லாததால் 2021-இல் சோதனையை முன்கூட்டியே முடித்துவிட்டார்கள். சிறு ரத்தக்கசிவு மட்டும் வெற்று மாத்திரைக் குழுவில் 2.2 சதவீதம், 5 மில்லிகிராம் அபிக்ஸபான் குழுவில் 9.1 சதவீதம்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் ஊசியின் இடம் ஆஸ்பத்திரி வார்டு. ஆக்சிஜன் வேண்டியிருந்தும் ஐசியூவுக்குப் போகாத நிலையில் முழு அளவு ஹெபாரின் பலன் தந்தது. ஐசியூ வரை போனவர்களுக்கு அந்த முழு அளவு உதவவில்லை. நேரம் தவறினால் நல்ல மருந்தும் வீண். டிரிப்ஸாக ஏற்றாமல், வயிற்றுத் தோலுக்கடியில் போடும் எனாக்சபாரின் ஊசியும் இந்த வகைதான். மருந்து நிரப்பியே வரும் அந்த ஊசியை முழுதாகப் போடும்போது, அதில் தெரியும் சிறு காற்றுக் குமிழைத் தட்டி வெளியேற்றக் கூடாது, போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நீலம் பாரிக்கும்.

ஆக, வீட்டில் தேறும் ஆரோக்கியமானவருக்கு என் தேர்வு மருந்தில்லா வழி. தண்ணீர், கஞ்சி, மோர் என்று உடல் வற்றாமல் பார்த்துக்கொள்வது. பகலில் மணிக்கொரு தடவை எழுந்து கூடத்திலேயே நாலு நடை நடப்பது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலின் ரத்தம் மேலேறுகிறது. கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், முன்பே ரத்தம் கட்டியவர்கள், குடும்பத்தில் அந்த வரலாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் முதல் நாளே மருத்துவரிடம் பேச வேண்டும்.

இந்த வழிக்குக் கண்காணிப்பு அவசியம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தையல்காரர் டேப்பை எடுங்கள். முழங்காலுக்குக் கீழே துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கி, இரு கால்களின் சுற்றளவையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் அன்றைக்கே காலின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். தாண்டாவிட்டாலும் வீக்கமும் வலியும் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். திடீர் மூச்சிரைப்பு, மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் என்றால் டேப்பும் வேண்டாம், காலை வரை காத்திருக்கவும் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.